இத்தா வீட்டுக்கு ஒரு ஏசி

விலையைக் குறைக்கிற கடைக்காரனை மக்கீன் நம்புவதில்லை. நாற்பது வருசம் மரக்கறி லொறி ஓட்டினவர். விலையை ஏற்றுகிறவன் கள்ளன். கேட்காமலே இறக்குகிறவன் அதைவிடப் பெரிய கள்ளன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் சோலர் கடை வைத்திருந்த ஃபாஸில், "பெட்டரி வேணாம் நானா, அதுதான் அரைவாசிக் காசைத் திங்கிற சாமான்" என்றதும் அவர் முகம் கறுத்துவிட்டது.

"பெட்டரி இல்லாம லொறியே ஸ்டார்ட் ஆகாது. ஏசி ஓடுமா?"

"இது லொறி இல்லையே. உங்கட தங்கச்சிக்கு எந்த நேரத்துல வெக்கை தாங்க ஏலாமப் போகுது?"

"பதினொரு மணியில இருந்து பின்னேரம் அஸர் தொழுகை மட்டும்."

"அப்ப அந்த நேரத்துக்கு ஓடினாப் போதும். நாலு பெனல், சின்ன இன்வேட்டர் ஏசி ஒன்டு. மேகம் மூடினா லைன் கரண்ட்ல கொஞ்சம் எடுக்கும். ராவைக்கு ஜன்னலைத் தொறந்துட்டுப் படுக்கச் சொல்லுங்க."

மக்கீன் எழுந்து வந்துவிட்டார்.

அவருடைய தங்கச்சி உம்மு குல்சும் விதவையாகி, திகனவில் இத்தா இருந்தாள். வீடு என்றால் வீடில்லை. டூரிஸ்ட்மாருக்கு வாடகைக்கு விடலாம் என்று அவளுடைய புருசன் முஸ்அப் பலகையால் அடித்த ஒற்றை அறைக் கெபின், மேலே தகரம். டூரிஸ்ட் வரவில்லை. இவர்களே குடியிருந்தார்கள். முஸ்அப் மவுத்தானதும் அதற்குள்ளேதான். அதனால் இத்தாவின் நாலு மாசமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் அங்கேயே இருப்பேன் என்று உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துக் காணியில் மூன்று மாடி எழும்பிக்கொண்டிருந்தது. சாரத்தின் மேல் பகல் முழுக்க மேசன்மார். ஜன்னலைச் சாத்தி, மேலே தடித்த துணியும் போட்டாயிற்று. உள்ளே போனால் எரிகிற பேக்கரிப் போறணைக்குள் தலையை விட்டது மாதிரி இருக்கும்.

பிரஷர்காரி. ஒரு தரம் மயங்கி விழுந்தாள். நோய் என்றால் எழும்பிப் போகலாம் என்று மவ்லவியே சொல்லிப் பார்த்தார். "அவர் போன எடத்துல இருந்து நான் எழும்புறதில்ல" என்றாள்.

அவளுக்குப் பிள்ளை குட்டி இல்லை. எழுபத்துநாலு வயசு மக்கீன் தினமும் கட்டுகஸ்தோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, துவாயை நனைத்துக் கொடுத்துவிட்டு, அஸர் வரைக்கும் வாசலில் காத்துக் கிடந்தார். இத்தா முடிய இன்னும் எழுபத்தொரு நாள் இருக்கும்போது அவள் இரண்டாந்தரம் விழுந்தாள். அடுத்த நாள் அவர் திரும்பவும் ஃபாஸிலின் கடைக்குப் போனார்.

ஃபாஸில் வந்து கெபினை வெளியிலிருந்தே சுற்றிப் பார்த்தான். பலகை இடுக்கில் விரலை விட்டான்.

"இந்த ஓட்டையோட ஏசி போட்டா திகன டவுனுக்கே குளிரும். முதல்ல இதெல்லாம் அடைக்கணும், தகரத்துக்குக் கீழ ஃபோம் அடிக்கணும். பெனலைத் தகரத்துக்கு மேல ஒரு சாண் உயர்த்திப் பூட்டுறன், நிழலும் விழும். உள்வேலைக்கு ஷிபானா வருவா."

"ஆர் அது?"

"என்ட வைஃப். அவவும் இந்த வேலைதான்."

"பொம்பளைப் புள்ள ட்ரில் புடிக்கிறதா? நான் கூடப்பொறந்தவன், எனக்கு உள்ள போகலாம். நானே பூட்டுறன்."

மூன்று நாள் மக்கீன் இடுக்கடைத்தார், ஃபோம் அடித்தார், கழுத்துப் பிடித்துக்கொண்டது. நாலாம் நாள் சுவரில் துளை போட்டு, உள்ளே வைக்கிற பெட்டியைத் தொங்கவிட்டார். வெளியில் ஃபாஸில் குழாயைப் பூட்டி ஓடவிட்டான். குளிர் வந்தது. அரை மணித்தியாலத்தில் தண்ணீரும் வந்தது, உம்மு குல்சுமின் தலையணை மேல். வெளியே சரிய வேண்டிய துளையை மக்கீன் உள்ளே சரித்துப் போட்டிருந்தார்.

"இவன் ஓட்டைச் சாமானைத் தந்திருக்கான்" என்றார்.

"நானா," உம்மு குல்சும் தலையணையைப் பிழிந்தாள். "அந்தப் புள்ளையை வரச் சொல்லுங்க."

ஷிபானா வந்து ஏணியில் ஏறினாள். ஃபாஸில் வெளியே நின்று குரல் கொடுத்தான். நடுவில் பலகைச் சுவர்.

"பெட்டியைக் கொஞ்சம் தள்ளு."

"எந்தப் பக்கம்?"

"சோத்துக் கைப் பக்கம்."

"உங்கட சோத்துக் கையா, என்டயா? நீங்க அங்கால நின்டு இங்கால பாக்கிறீங்க."

"யா அல்லாஹ். ரோட்டுப் பக்கம்."

"அப்பிடிச் சொல்லத் தெரியாதா? கல்யாணம் முடிச்சு ஒம்பது வருசம், இன்னம் வழி சொல்லத் தெரியல்ல."

கட்டில் பக்கமிருந்து ஒரு சத்தம். மக்கீன் அவள் திரும்பவும் விழுந்துவிட்டாளோ என்று பாய்ந்தார். உம்மு குல்சும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இந்தச் சுவரை அடிக்கக்குள்ள நானும் இப்பிடித்தான் உள்ள நின்டு பலகை புடிச்சன்" என்றாள். "அவருக்கும் பக்கம் சொல்லத் தெரியாது." பிறகு சிரிப்பு எங்கேயோ மாறி, ஷிபானா ஏணியிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருந்தது.

துளையை வெளியே சரித்துத் திருத்தி, பெட்டியை மாட்டிவிட்டு இருவரும் போனார்கள். தண்ணீர் வெளியே சொட்டியது. நண்பகல் வெயில் தகரத்தில் ஏறியது. உள்ளே உம்மு குல்சும் போர்வை தேடினாள். மக்கீன் வாசலில் இருந்தபடி மிஷின் எப்போது நிற்கும் என்று காது கொடுத்துக்கொண்டிருந்தார். நிற்கவில்லை. அஸர் தொழுதுவிட்டு அவள் கூப்பிட்டாள்.

"நாளைக்கு வராதீங்க நானா."

"ஏன், நான் என்ன செஞ்சன்?"

"ஒன்டும் செய்யல்ல. ஊட்டுல படுங்க. கால் ரெண்டும் வீங்கி ஈக்கிது. எத்தனை நாளாப் பாக்கிறன்."

"மிஷின் நின்டா?"

"நின்டா கோல் எடுக்கிறன்."

"நான் வர ரெண்டு பஸ்."

"உங்களுக்கில்ல. அந்தப் புள்ளைக்கு."

கண்டி பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. கண்டியில் இறங்கிக் கட்டுகஸ்தோட்டை பஸ் எடுக்க வேண்டியவர் தூங்கிவிட்டார். கண்டக்டர் தோளில் தட்டியபோது, பஸ் திரும்பவும் திகனவுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. திகனவுக்கா என்று கேட்டான். மக்கீன் இல்லையென்று தலையாட்டிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.