அந்த இருட்டைத் திரும்பப் போடுங்க

அந்தத் தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த கணவனுக்கும் மனைவிக்கும் வேறு எதிலும் சண்டை கிடையாது. மாமியார் விஷயத்தில்கூட ஒத்துப்போய்விடுவார்கள். படத்தை எந்த வகைக் கோப்பாக எடுப்பது என்பதில் மட்டும் கீரியும் பாம்பும்தான்.

அவருக்கு ஜேபெக். நிறம், வெளிச்சம் எல்லாவற்றையும் கேமராவே சரிசெய்து, சுருக்கி, முடிந்த படமாகக் கொடுத்துவிடும். விருந்தாளி சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் படம் போனில் இருக்கும். தெருவில் அவருக்கு ‘உடனடி’ என்றே பெயர். அவளுக்கு ரா. கேமரா பார்த்ததை ஒன்றும் கழிக்காமல் அப்படியே பிடித்து வைத்திருக்கும் கோப்பு. பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பக்குவம் செய்தால்தான் படமாகும்.

“கேமரா சமைச்சுத் தட்டுல வைக்குது. நீ அதை விட்டுட்டுப் பச்சைக் காய்கறிய வாங்கிட்டு வந்து நறுக்கிட்டு உக்காந்திருக்க” என்பார் உடனடி.

“சமைச்சதுல உப்பு கூடிப்போனா என்ன பண்ணுவீங்க? காய்கறி கையில இருந்தா வேற மாதிரி சமைச்சுக்கலாம்” என்பாள் அவள்.

ஒரு கல்யாண வரவேற்புக்கு இருவரும் ஆளுக்கொரு கேமராவோடு போனார்கள். மண்டபத்துக்காரர் மேடை முழுக்க ஊதா விளக்குப் போட்டுவிட்டார். உடனடியின் படங்களில் மாப்பிள்ளை கத்தரிக்காய்க்குக் கோட்டு மாட்டியதுபோல் நின்றார். எவ்வளவு திருத்தியும் மனித நிறத்துக்கு வர மாட்டேன் என்றார். மனைவியின் கோப்புகளில் அதே மாப்பிள்ளை சொன்னபடி கேட்டார். ஆல்பம் முழுக்க அவள் படங்கள்தான் என்று முடிவாயிற்று.

ஜெயித்த வேகத்தில் அவளுக்குக் கை நிற்கவில்லை. அதே படங்களில் மேடைக்குப் பக்கத்தில் இருட்டாகக் கிடந்த மண்டப மூலையையும் வெளிச்சமாக்கினாள். தூணில் சுற்றிய பூக்கள் பளிச்சென்று தெரிந்தன. பூவைப் பார்த்தாளே தவிர, தூணுக்கு அடியில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

ஆல்பத்தை அவளே பெண் வீட்டுக்குக் கொண்டுபோனாள். மணப்பெண்ணின் அம்மா உட்காரச் சொன்னாள். அப்பா, அவருடைய தம்பிகள் இருவர், அந்தத் தம்பிகளின் மனைவிமார் என்று கூடம் நிறைந்திருந்தது. தம்பிகள், அதாவது பெரிய சித்தப்பாவும் சின்ன சித்தப்பாவும், ஆளுக்கொரு கோடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். இரவல் போன ஏணி ஒரு படி உடைந்து திரும்பி வந்த நாளிலிருந்து அவர்களுக்குள் பேச்சில்லை என்பது ஊரறிந்த விஷயம். புருஷன்மாருக்காக ஓரகத்திகளும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பக்கங்கள் புரண்டன. ஒரு பக்கத்தில் சின்ன சித்தி கையை வைத்து நிறுத்தினாள்.

“ஏங்க, இது உங்க சட்டை மாதிரியே இருக்கு?”

“அந்தச் சட்டை கடைகடையாத் தொங்குது” என்றார் சின்ன சித்தப்பா, பார்க்காமலே.

“மூஞ்சியும் கடையில தொங்குதா?”

எல்லாத் தலைகளும் ஆல்பத்துக்குள் குனிந்தன. தூணுக்கு அடியில், கவிழ்த்துப் போட்ட பெட்டிகள்மேல், சித்தப்பாக்கள் இருவரும் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரே கிண்ணம் ஐஸ்கிரீம், இரண்டு ஸ்பூன். சின்னவர் பெரியவரின் வாயோரத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சர்க்கரை ஏறிப்போச்சுன்னு வீட்டுல பாகற்காய் ஜூஸ் குடிக்கிற மனுஷனா இது?” என்றாள் பெரிய சித்தி.

“அண்ணன் மூஞ்சியப் பாத்தா சோறு இறங்காதுன்னீங்களே?” என்றாள் சின்னவள்.

“சோறுதான் இறங்காதுன்னேன்” என்றார் சின்ன சித்தப்பா.

யாரும் சிரிக்கவில்லை. பெரிய சித்தி சின்னவளைப் பார்த்தாள். “நீ ஆபரேஷன் பண்ணி ஆஸ்பத்திரியில கிடந்தப்ப வாசல் வரைக்கும் வந்தேன். இந்த மனுஷன் கோச்சுக்குவாரேன்னு திரும்பிட்டேன்” என்றாள்.

“வந்தீங்களா அக்கா?” என்றாள் சின்னவள்.

அதற்குமேல் அவர்கள் அங்கே இருக்கவில்லை. ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்கள். ஸ்டூடியோக்காரி குடித்த காப்பிக்கு நன்றி சொல்லிவிட்டு நழுவினாள்.

மறுநாள் சித்தப்பாக்கள் சேர்ந்தே ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். ஒளிந்து வரவேண்டிய அவசியம் இனி இல்லையே.

“தம்பி, அந்த இருட்டைத் திரும்பப் போட முடியுமா? வேற சொந்தக்காரங்க பாக்கறதுக்குள்ள” என்று உடனடியிடம் கேட்டார் பெரியவர்.

உடனடிக்கு முகமெல்லாம் பல். “என் படத்துல அந்த மூலை கும்மிருட்டு சார். கடவுளே டார்ச் அடிச்சுத் தேடினாலும் நீங்க கிடைக்க மாட்டீங்க.”

“இருந்ததைத்தானே காட்டினேன்? நானா கொண்டுவந்து உக்கார வெச்சேன்?” என்றாள் மனைவி. பிறகு கேட்கவும் செய்தாள்: “சமாதானம் ஆனதை வீட்டுல சொல்லியிருக்கலாமே சார்?”

“சொன்னா, ஏணிய உடைச்சது யாருன்னு மறுபடி விசாரணை வரும்மா” என்றார் சின்னவர். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“இப்ப நிலவரம் எப்படி?” என்றார் உடனடி.

“வீட்டுக்காரிங்க ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டாங்க. காலையிலேர்ந்து போன்ல எங்க கதைதான் ஓடுது. எங்ககிட்டதான் பேச்சு இல்ல” என்றார் சின்னவர்.

அவள் அந்தப் பக்கத்தை இருட்டாக்கி வேறு அச்சுப் போட்டுக் கொடுத்தாள். பிரயோஜனமில்லை. சித்திகள் பழைய பக்கத்தைத் தர மறுத்துவிட்டார்கள். அது பெரிய சித்தி வீட்டு ஃபிரிட்ஜ் கதவில், சர்க்கரைக்காரர் கண்ணில் படும் உயரத்தில், ஒட்டப்பட்டிருப்பதாகக் கேள்வி.

அடுத்த விசேஷத்துக்கு மணப்பெண்ணின் அம்மாவே போன் செய்தாள். “உன் படம்தாம்மா வேணும். அழகா எடுக்கற. ஆனா மேடையை மட்டும் எடு. மூலை முடுக்கெல்லாம் உங்க வீட்டுக்காரர் எடுக்கட்டும்.”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த உடனடி மார்பை நிமிர்த்தி, “மூலை மொத்தமும் என் பொறுப்பும்மா!” என்று கத்தினார். அவள் ஒப்புக்கொண்டு தேதியைக் குறித்தாள்.