இந்த டிவி உங்கள் வீட்டைச் சேர்ந்ததல்ல

எங்கள் கொரிய நாடகங்களை எடுக்கிறவர்களில் யாராவது ஒருவர் கையில் கிடைத்தால், உட்காரவைத்துக் கேட்க என்னிடம் நிறைய இருக்கிறது. நாயகன் மனதில் உள்ளதைச் சொல்லப்போகிற அன்றைக்கு மட்டும் அந்த வெள்ளை லாரி எங்கிருந்து வந்து மோதுகிறது? வாடகை கொடுக்க வழியில்லாத பெண் வாரத்துக்கு ஒரு புதுக் கோட்டு எப்படிப் போடுகிறாள்? மழை வந்தால் இரண்டு பேருக்கும் ஏன் எப்போதும் ஒரே குடைதான் இருக்கிறது? பன்னிரண்டு பகுதியில் முடிய வேண்டியதைப் பதினாறுக்கு இழுத்தார்கள், பொறுத்துக்கொண்டோம். இப்போது பாதியில் வெட்டி, மீதி அடுத்த வருஷம் என்கிறார்கள்.

அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல், எது எங்கே ஓடுகிறது என்பது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பத்து மணி நாடகத்துக்குத் தெருவே காலியாகும். மறுநாள் ஆபீசில் எல்லோரும் சேர்ந்து ஒரே வில்லனைத் திட்டுவோம். இப்போது ஒரு நாடகம் இந்தச் செயலியில், இன்னொன்று அந்தச் செயலியில், மூன்றாவதை எதில் தேடினாலும் காணோம். ஒருவன் பார்த்ததை இன்னொருவன் பார்த்திருப்பதில்லை. வாயைத் திறந்தால், "சொல்லிடாதீங்க, நான் இன்னும் பாக்கல" என்று காதைப் பொத்திக்கொள்கிறான். நாடகம் பார்ப்பதே அதைப் பற்றிப் பேசத்தானே? பேசக்கூடாது என்றால் எதற்கு அந்தக் கண்ராவி?

என் பெயர் பே சங்-குக். இஞ்சியோனில், குளியலறை ஓடு தயாரிக்கிற ஒரு கம்பெனியில் மேனேஜர். மனைவி யூன்-சுக்கும் மகள் தா-இன்னும் கனடாவில், வான்கூவரில் இருக்கிறார்கள். மகளின் படிப்புக்காகப் போனது. இப்படிக் குடும்பத்தைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டு, இங்கே ஒற்றை ஆளாக இருந்து சம்பாதித்து அனுப்புகிறவனுக்கு எங்கள் ஊரில் காட்டுவாத்து அப்பா என்று பெயர். வருஷத்துக்கு ஒரு தடவை பறந்துபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவான் என்பதால். போன வருஷம் நான் பறக்கவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். அது பொய். அதற்கு முந்தின தடவை போனபோது தா-இன் எனக்கு மேசையில் முதலில் பரிமாறி, குளிக்கத் துண்டு எடுத்துக்கொடுத்து, விருந்தாளியைப் போல நடத்தினாள். அது எனக்குத் தாங்கவில்லை.

அவர்கள் போனதும் பெரிய வீட்டைக் காலிசெய்துவிட்டு, புபியோங் பக்கம் ஒற்றை அறைக்கு மாறினேன். பழைய டிவியை மட்டும் கொண்டுவந்தேன். நாடகம் பார்க்கிற கணக்கு என் பெயரில், என் அட்டையில் எடுத்தது. அங்கே போய் டிவி வாங்கியபோது தா-இன் அதையே வீட்டு டிவி என்று காட்டி, கணக்கில் தன் போன் நம்பரைப் பதிந்துகொண்டாள். எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குச் சோறும் நெத்திலி வறுவலும் எடுத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். திரையில் வெள்ளை எழுத்து வந்தது: இந்த டிவி உங்கள் வீட்டைச் சேர்ந்ததல்ல.

காசு கட்டுகிறவன் நான். ஒரு கணினி என்னைப் பார்த்து நீ அந்த வீட்டு ஆளில்லை என்கிறது. கையில் இருந்த சாப்பாட்டுக் குச்சியால் திரையில் ஒரு குத்து குத்தலாம் போல இருந்தது. கீழே சின்ன எழுத்தில் வழியும் சொல்லியிருந்தது. வீட்டு உறுப்பினர் ஒருவரின் போனுக்கு ஒரு நம்பர் போகும், அதைக் கேட்டுப் போட்டால் கொஞ்ச நாளைக்கு உள்ளே விடுவார்களாம்.

தா-இன்னைக் கூப்பிட்டேன். அங்கே வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

"அப்பா? என்ன ஆச்சு?" என்றாள் பதறிப்போய். ஞாயிற்றுக்கிழமை தவிர நான் கூப்பிடுவதில்லை.

"ஒண்ணும் ஆகலம்மா. டிவி என்னை உள்ள விடமாட்டேங்குது. உன் போனுக்கு ஏதோ நம்பர் வந்திருக்காம்."

"ஓ, அதுவா. இருங்க. நாலு... ஒம்போது... ஒம்போது... ரெண்டு. போட்டீங்களா?"

"மெதுவாச் சொல்லு. இதுல அம்புக்குறியை நகத்தித்தான் ஒவ்வொண்ணாப் போடணும்."

"அப்படி என்ன அவசரமாப் பாக்கப்போறீங்க?"

"உப்புக்காற்றுத் தெரு."

"ஐயோ, நானும் அதைத்தான் பாக்குறேன்!"

எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு எப்படி இருக்கும் என்று சொன்னால்தான் இதன் அருமை புரியும். சாப்பிட்டீங்களா? சாப்பிட்டேன், நீ? சாப்பிட்டேன். படிப்பு? போகுது. இருங்க, அம்மாகிட்ட குடுக்குறேன். அவ்வளவுதான். அன்றைக்கு அந்தப் பெண் என்னோடு அரைமணி நேரம் சண்டை போட்டாள். கடலோர ஊரில் சலவைக் கடை வைத்திருக்கிற சோ-ஹா என்கிற பெண்ணின் கதைதான் அந்த நாடகம். தலைநகர் சியோலிலிருந்து வந்த பல் டாக்டர் ஒருவன், உள்ளூர்ப் படகு மெக்கானிக் ஒருவன், இருவரும் அவளைச் சுற்றி வருகிறார்கள். தா-இன் டாக்டர் கட்சி. நான் மெக்கானிக் கட்சி.

"அவன் வாயே திறக்கமாட்டான்பா. மரக்கட்டை. அவனைக் கட்டிக்கிட்டு அவ சுவத்தோட பேசிட்டு இருக்கணுமா?"

"வாயத் தொறக்கலன்னா மனசுல ஒண்ணும் இல்லன்னு அர்த்தமா? கடை ஷட்டரை யார் சரிபண்ணிக் குடுத்தா?"

"ஷட்டரா! ஒரு ஷட்டருக்காகக் கல்யாணமா?"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று யோசித்தேன். போனை வைத்தபோது சோறு ஆறிப்போயிருந்தது.

அடுத்த சனிக்கிழமை டிவி எதையும் கேட்கவில்லை. போட்டதும் ஓட ஆரம்பித்தது. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏமாந்துபோய் உட்கார்ந்திருந்தேன். சும்மா கூப்பிட்டுப் பேசினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கூப்பிட்டு என்ன சொல்வது? சாப்பிட்டியா என்றா? பிறகு நானே அமைப்புகளுக்குள் போய்த் தேடி, கணக்கிலிருந்து வெளியேறினேன். திரும்ப உள்ளே நுழைந்தேன். இந்த டிவி உங்கள் வீட்டைச் சேர்ந்ததல்ல என்று வந்தது. சந்தோஷமாகப் போனை எடுத்தேன்.

"மறுபடியுமா?" என்றாள் தா-இன்.

"சனியன் பிடிச்ச டிவிம்மா. வாராவாரம் என் உயிரை வாங்குது."

அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் வெளியேறினேன், கூப்பிட்டேன், டிவியைக் கரித்துக்கொட்டினேன். என் நடிப்பு அந்த நாடகத்தில் வருகிற பாதிப் பேருடைய நடிப்பைவிட நன்றாகவே இருந்தது. நம்பர் ஒரு நிமிஷம், சண்டை ஒரு மணி நேரம். ஒரு வாரம், நானும் அவள் அம்மாவும் கல்யாணமான புதிதில் பார்த்த ஒரு நாடகத்தைப் பற்றிக் கேட்டாள். அது கனடாவில் எந்தச் செயலியிலும் வரவில்லையாம். முழுக் கதையையும் நானே சொன்னேன். "அப்புறம்? அப்புறம்?" என்று சின்னப்பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு நாள் பேச்சுவாக்கில், வசனம் வேகமாகப் போனால் புரிவதில்லை, ஆங்கில எழுத்தைக் கீழே ஓடவிட்டுத்தான் பார்க்கிறேன் என்றாள். கொரிய நாடகத்தை என் பெண் ஆங்கிலத்தில் படித்துப் பார்க்கிறாள். டாக்டரைத் திட்டிப் பேச்சை மாற்றினேன்.

தெருமுனையில் பியோ அக்காவின் பதார்த்தக் கடை இருக்கிறது. வாரத்துக்குத் தேவையான கிம்ச்சி, நெத்திலி, தாமரைக்கிழங்கு எல்லாம் அங்கேதான் வாங்குவேன். கடையில் உட்கார்ந்து நாடகம் பார்க்க அக்காவுக்கு நேரமில்லை. பதார்த்தத்தை டப்பாவில் அடைக்கும்போது நான்தான் கதை சொல்ல வேண்டும்.

"என்ன மேனேஜரே, மூஞ்சி பளபளன்னு இருக்கு? பொண்ணுகூடப் பேசுற நாளா?"

"டிவிக்கு நம்பர் கேக்கணும் அக்கா."

"ஊருக்கெல்லாம் ஓடு வித்துட்டு, டிவிக்குத் தனியா ஒரு கணக்கு எடுக்க வக்கில்லையா? மாசத்துக்கு ஒரு வறுத்த கோழி வாங்குற காசுதானே?"

"கஞ்சப்பயன்னு சொல்லிட்டுப் போங்க."

அக்கா கரண்டியை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு டப்பாவில் நெத்திலியை இன்னும் கொஞ்சம் அமுக்கி வைத்தாள்.

"எடுக்காதீங்க. கஞ்சனாவே இருங்க" என்றாள்.

கடைசிப் பகுதி வருகிற சனிக்கிழமையன்று என் பிறந்தநாளும் வந்தது. தா-இன்னும் நானும் ஏற்கெனவே பேசிவைத்திருந்தோம். அவள் அங்கே பார்க்காமல் காத்திருப்பாள், இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் பார்ப்போம். தோற்ற கட்சி ஜெயித்த கட்சிக்குக் கோழி வாங்கிக்கொடுக்க வேண்டும். அன்று காலை பியோ அக்கா ஒரு தூக்கு நிறையக் கடற்பாசி சூப்பு கொடுத்தாள். பிறந்தநாளைக்கு அது இல்லாமல் எப்படி என்று காசு வாங்க மறுத்துவிட்டாள். வந்து சூடுபண்ணி வைத்தேன். டிவியில் கணக்கிலிருந்து வெளியேறினேன். போனை எடுக்கக் கை நீட்டினேன். அது தானே அடித்தது.

"அப்பா! பிறந்தநாள் வாழ்த்து! ஒரு லிங்க் அனுப்பியிருக்கேன், திறந்து பாருங்க!"

"என்னம்மா இது?"

"உங்களுக்கே உங்களுக்குன்னு ஒரு கணக்கு! ஒரு வருஷத்துக்குக் கட்டிட்டேன். அம்மாகிட்ட வாங்கல, பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களைப் பாத்துக்கிட்டு நானே சம்பாதிச்ச காசு. இனிமே வாராவாரம் நம்பருக்காகத் தவிக்க வேண்டாம். நீங்க அந்த டிவிகூட மல்லுக்கட்டுறதைக் கேட்டு எனக்கே பாவமா இருந்துச்சுப்பா."

பின்னாலிருந்து யூன்-சுக்கின் குரல் கேட்டது. "தா-இன் அப்பா, அவ வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கயும் போறதில்ல, தெரியுமா? சிநேகிதிங்க கூப்பிட்டாலும் போகமாட்டா. அப்பாவுக்கு நம்பர் குடுக்கணும்னு போனும் கையுமா உக்காந்திருப்பா."

எனக்கு நம்பர் வேண்டாமம்மா, நீதான் வேண்டும் என்று அப்போது சொல்லியிருக்கலாம். நாடகமாக இருந்தால் நாயகன் சொல்லியிருப்பான், பின்னால் பாட்டுப் போட்டிருப்பார்கள். நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். மரக்கட்டை.

"அப்பா? பிடிச்சிருக்கா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கும்மா. பெரிய தொல்லை விட்டுது. அப்போ இன்னைக்குச் சேந்து பாக்குறது..."

"ஐயோ, அதுவா. இன்னைக்குச் சிநேகிதிங்க ஸ்கேட்டிங் போறாங்க. உங்களுக்குத்தான் இனிமே நம்பர் வேண்டாமேன்னு நானும் வர்றேன்னுட்டேன். நீங்க பாத்துடுங்க. நான் அப்புறம் பாக்குறேன். ஆனா முடிவை மட்டும் சொல்லிடாதீங்க, சரியா?"

"சொல்லமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

லிங்கைத் திறந்து, கேட்டதையெல்லாம் போட்டேன். டிவி மரியாதையாகப் பேசியது. வருக, பே சங்-குக். இந்த டிவி உங்கள் வீடாகப் பதிவாகிவிட்டது. பிறகு, யார் பார்க்கிறீர்கள் என்று கேட்டது. பழைய கணக்கில் அந்த இடத்தில் யூன்-சுக், தா-இன், நான் என்று மூன்று படம் இருக்கும். இதில் ஒன்றுதான் இருந்தது. அதை அழுத்தினேன்.

கடைசிப் பகுதியைப் பார்த்தேன். சொல்லக்கூடாதுதான், ஆனாலும் நன்றாகவே எடுத்திருந்தார்கள். லாரி வரவில்லை. கடைசிக் காட்சியில் சோ-ஹா கடை ஷட்டரை இறக்கிவிட்டு ஒருவனை நோக்கி நடந்துபோனபோது, "பாத்தியா!" என்று கத்திவிட்டேன். அறையில் யாருமில்லை. அழுதேன். நாடகத்துக்காக அழுதேன் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை, பழக்க தோஷத்தில் கணக்கிலிருந்து வெளியேறித் திரும்ப நுழைந்தேன். டிவி நம்பர் கேட்டது. ஒரு நொடி மனசு குதித்தது. உடனே என் சட்டைப் பையில் என் போன் அதிர்ந்தது. ஏழு, ஒன்று, மூன்று, ஆறு. எனக்கு நானே சத்தமாக வாசித்துக்காட்டி, அம்புக்குறியை மெதுவாக நகர்த்திப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கேட்டேன். "உப்புக்காற்றுத் தெரு பாத்துட்டியா?"

"இன்னும் இல்லப்பா. பரீட்சை. சொல்லிடாதீங்க."

அதற்கடுத்த ஞாயிறும் கேட்டேன். அதற்குள் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் வேறு எதையோ பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அது இங்கே எங்கும் வரவில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன்.

போன வாரம் பியோ அக்கா கிம்ச்சியை அடைத்துக்கொண்டே பிடித்துக்கொண்டாள். "ஏன் மேனேஜரே, அந்தச் சலவைக்கடைப் பொண்ணு கடைசியில யாரைத்தான் கட்டிக்கிட்டா? இத்தனை வாரம் கதை கேட்டேன், முடிவைச் சொல்லாம இழுத்தடிக்கிறீங்களே?"

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை முதலில் கேட்க வேண்டியவள் இன்னும் கேட்கவில்லை.

"நான் இன்னும் பாக்கல அக்கா" என்றேன்.