உள்ளது உள்ளபடியே

மாடியில் அண்ணன், கீழ்வீட்டில் தம்பி; நடுவில் பதினெட்டுப் படிதான். ஆனால் அண்ணன் தம்பிக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், அது பதிவுத் தபாலில் ஊரெல்லாம் சுற்றி மூன்றாம் நாள்தான் வந்து சேரும். அண்ணனுக்குத் தபால் நிலையத்தில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கிற வேலை. தம்பிக்கு எழுதிய உறையைத் தம் கையாலேயே எடுத்துத் தம் தெருவுக்கான கட்டோடு சேர்ப்பார். தெருவில் அவருக்கு ‘வாய்தா’ என்று பேர். சட்டைக்கையைக் குட்டையாகத் தைத்த தையல்காரர், பொதுச்சுவரில் ஆணி அடித்த பக்கத்து வீட்டுக்காரர் என்று கண்டவர்மேலெல்லாம் கேஸ் போட்டவர். வாயைத் திறந்து கேட்டால் ஐந்து நிமிஷத்தில் தீர்கிற விஷயத்துக்கும் வக்கீலைத்தான் தேடுவார்.

தம்பி வெல்டர். அவனும் ஒன்றும் சொக்கத் தங்கமில்லை. படிக்கட்டின் கைப்பிடிக் கம்பி துருவேறி ஆடத் தொடங்கியதும், அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், மேல் ஆறு படிக்கும் இருந்ததை ஒரு வியாழக்கிழமை அறுத்துப் போட்டான். புதுக் கம்பி சிவப்புப் பெயிண்ட் பூசிப் பட்டறையில் காய்ந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை பொருத்திவிடலாம் என்றிருந்தான். வெள்ளிக்கிழமையே அண்ணன் கேஸ் போட்டு வாங்கிய தடை உத்தரவு வந்துவிட்டது. படிக்கட்டு இருவருக்கும் பொது; வழக்கு முடியும்வரை அதில் யாரும் எதையும் மாற்றக் கூடாது; உள்ளது உள்ளபடியே இருக்க வேண்டும். அங்கே உள்ளது என்ன? கம்பி இல்லாத ஆறு படி. அதற்குத்தான் சட்டத்தின் பாதுகாப்பு கிடைத்தது.

அண்ணி அந்த வீட்டுக்கு வந்தபோது தம்பிக்கு ஒன்பது வயது. தாயில்லாத பிள்ளையை அவள்தான் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பினாள். இப்போது அவளுக்கு முட்டிவலி. துணி காயப்போடும் கொடியோ கீழே. தினமும் காலையில் ஈரத்துணி வாளியோடு அவள் இறங்கும் சத்தம் கேட்டால், தம்பி கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டுப் படிகளை எண்ணுவான். ஆறைத் தாண்டினால்தான் அவனுக்கு மூச்சு வரும்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கம்பி இருந்த இடத்தில் நைலான் கயிற்றைக் கட்டினான். அன்று மாலையே வாய்தா அதை நாலு பக்கமும் போட்டோ எடுத்து, நீதிமன்ற அவமதிப்பு என்று இன்னொரு மனு போட்டார். வக்கீல் சொன்னபடி தம்பி கயிற்றை அவிழ்த்தபோது அண்ணி மேலே நின்றுகொண்டிருந்தாள். கணவரிடம் அவளும் கெஞ்சிப் பார்த்திருக்கிறாள். ஜெயிக்கப்போகிற கேஸை விடச் சொல்கிறாயா என்று அவர் வாயை அடைத்துவிட்டாராம்.

“விடுப்பா. அவர் கோபம் ஆறினா தானா வாபஸ் வாங்கிடுவார். நான் செவுத்தைப் பிடிச்சிக்கிட்டு இறங்கிக்கறேன்,” என்றாள்.

பதினோரு மாதம் போனது. ஏழு வாய்தா. எட்டாவதற்கு நாலு நாள் இருக்கும்போது, மழை பெய்து படி நனைந்திருந்த ஒரு காலையில், தம்பி மூன்றுவரைதான் எண்ணினான். அடுத்து வாளி உருளும் சத்தம் கேட்டது. அவன் ஓடிப்போய் மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டபோது அண்ணிக்குக் கண் திறந்திருந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இருபதாம் நாள் பதிவுத் தபால் வந்தது. கீழ்வீட்டில் குடியிருக்கும் பிரதிவாதி யாரையும் கேட்காமல் கம்பியை அறுத்ததே தம் மனைவியின் மரணத்துக்குக் காரணம் என்று எழுதியிருந்தது. அதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை என்பதுதான் தம்பியைக் கொன்றது. அவன் வக்கீலிடம் போகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போனான்.

அண்ணன் மேஜைமுன் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் கேஸ் கட்டுகள். நடுவில், விளிம்பு உடைந்த வாளி. அதில் ‘சான்று 1’ என்று சீட்டு ஒட்டியிருந்தது.

“அறுத்தது நான்தான். இல்லேன்னு சொல்லல,” என்றான் தம்பி. “ஆனா கயித்தை அவுக்க வச்சது யாரு, அண்ணா?”

அவர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

“யார்மேலயாவது போட்டுத்தான்டா ஆகணும். இல்லேன்னா என்மேலதான் போட்டுக்கணும்.”

தம்பிக்கு அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் நின்றான். அண்ணன் கேட்டார். இத்தனை மாதத்தில் அவர் தம்பியிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது.

“அந்தக் கம்பியை மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?”

இரண்டு நாள் ஆகும் என்று பொய் சொல்லத்தான் நினைத்தான். தொழில்காரன் வாயில் உண்மை வந்துவிட்டது.

“அரை மணி.”

அண்ணன் வாளியைப் பார்த்தபடியே, அரை மணி, என்று தமக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டார்.