உள்பக்கம்

1

கிருஷாந்த் எழுந்தான். சுவரில் பிளக்கைச் சொருகினான். (இரவில் எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டுப் படுப்பதுதான் புளத்கொகுபிட்டியப் பக்கத்து வழக்கம். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி கேட்காத பின்னேரம் இங்கே கிடையாது.) கணினியின் பொத்தானை அழுத்தினான். பிறகுதான் அடுப்பில் தண்ணீர் வைத்தான். பல் துலக்கினான். தேயிலை போட்டான், வடித்தான். சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கியபடி பிளேன்டீயைக் குடித்தான். கோப்பை காலியாகும்போது திரையில் படம் வந்திருந்தது. முதலில் பொத்தான், பிறகு அடுப்பு. அந்த ஒழுங்கைப் போட்டவள் ஜீவராணி, அவன் மனைவி. அவள் இல்லாமலும் அது நடக்கிறது.

மேசையில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. உள்ளே கணினிக்குப் புதிய டிஸ்க். பழையதைவிடப் பல மடங்கு வேகம் என்று பெட்டியில் போட்டிருந்தார்கள். அவன் இன்னும் அதைப் பிரிக்கவில்லை.

2

மேலே இருப்பது இந்தக் கதையின் நாலாவது தொடக்கம். முந்தியவற்றில் இரண்டை இங்கே விட்டுவைக்கிறேன்.

"மனைவி போன துக்கத்தில் அவன்—"

(துக்கம் என்று எழுதியதும் கை நின்றது. பசித்தது, சாப்பிட்டான். தூக்கம் வந்தது, தூங்கினான். அந்தச் சொல்லுக்குக் காட்ட அவனிடம் ஒன்றும் இல்லை.)

"பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில், ஜீவா வீடியோவின் உரிமையாளர்—"

(இது விளம்பரம்.)

கதை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பஜாரில் கணினிக் கடை வைத்திருக்கும் தாஸிம், டிஸ்கைக் கையில் கொடுக்கும்போது கேட்டான்: "எதுக்கு மச்சான் பாவிக்கப் போற?" கல்யாண வீடியோ வெட்டுகிறவனிடம் எந்தக் கடைக்காரனும் கேட்பதுதான். டிஸ்கோடு அந்தக் கேள்வியும் வீட்டுக்கு வந்தது. அந்தக் கடையில் நின்றவன் நான். "நான்" என்று போட்டு எழுதினேன், ஓடவில்லை. "கிருஷாந்த்" என்று போட்டேன், ஓடுகிறது. மற்றவர்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன். ஜீவராணியின் பெயரை மட்டும் மாற்ற முடியவில்லை.

3

ஜீவராணி முதலில் லைட் பிடிக்கத்தான் வந்தாள். ஒரு வருஷத்தில் கேமரா அவள் கைக்குப் போய்விட்டது. காரணம் எளிது. முஸ்லிம் கல்யாண வீடுகளில் பெண்கள் இருக்கும் பக்கத்துக்குள் ஆண் யாரும் கேமராவோடு போக முடியாது. அந்த வட்டாரத்தில் கேமரா தூக்கும் பெண் அவள் ஒருத்திதான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவள் சொல்வது இது:

"உள்ள நானே எடுப்பேன், நானே வெட்டுவேன். அவரு பார்க்க மாட்டாரு. குடுத்ததும் எங்ககிட்ட இருக்கிறத அழிச்சிருவோம்."

கணினியில் அந்தப் படங்களுக்கு அவள் வைத்த பெயர் "உள்பக்கம்". வெட்டும் மென்பொருளில் அதைத் திறந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சின்னப் படம் வர வேண்டும். பழைய டிஸ்க் மெதுவானது. முதலில் எல்லாம் சாம்பல் கட்டங்களாக நிற்கும். பிறகு ஒவ்வொன்றாக முகம் வரும். சாம்பலாக இருக்கும்போதே அவள் "வெளிய" என்பாள். அவன் கோப்பையை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போவான்.

"திரும்பிப் பார்த்தீங்கன்னா கண்ணு அவிஞ்சிரும்" என்று பின்னால் கேட்கும்.

அவன் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. சாம்பல் கட்டங்கள் நிறம் பெறும் நேரம், ஓர் ஆள் எழுந்து வெளியே போகப் போதுமானது.

கடைசியாக அவள் எடுத்தது ருவான்வெல்லையில் நுஸ்ஹாவின் கல்யாணம். எடுத்தாள். வெட்டவில்லை, அதனால் அழிக்கவும் இல்லை. எலிக்காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் தாண்டவில்லை.

(அவள் குரல் போனில் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. "பாண் வாங்கிட்டு வாங்க." "எங்க இருக்கீங்க?" "மழைக்கு முந்தி வந்துருங்க." எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டான். அவன் கேட்காத ஜீவராணி இருப்பது உள்பக்கத்தில் மட்டும்தான். படம் எடுக்கும்போது அவள் வாய் ஓயாது.)

4

தாஸிமின் கடைக்கு அவன் மறுபடி போனான்.

"விண்டோஸ அதுல போடு மச்சான். பட்டனத் தட்டினா எழும்பும். தேத்தண்ணி ஊத்துற நேரம் மிச்சம்."

"மிச்சம் புடிச்சு அந்த நேரத்துல என்ன செய்ய?"

"அதுவும் செரிதான்." தாஸிம் தலையைச் சொறிந்தான். "அப்ப கேஷ அதுல போடு. படம் பழசுலயே கெடக்கட்டும்."

கேஷ் என்பது மென்பொருள் தன் வசதிக்காக எழுதி வைத்துக்கொள்ளும் தற்காலிகக் குப்பை. அழிந்தால் மறுபடி எழுதிக்கொள்ளும். வேகமான டிஸ்கை அதற்குப் பாவிப்பதுதான் சிறந்தது என்று விஷயம் தெரிந்தவர்கள் பலர் சொல்கிறார்கள். அழிந்தாலும் பரவாயில்லாததற்கு நல்ல இடம், அழியக் கூடாததற்குப் பழைய இடம். இதைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். அதில் நான்—

(வேண்டாம். கதைக்கு வருகிறேன்.)

கிருஷாந்த் போனில் பதிந்து வந்த ஒரு சத்தத்தைப் போட்டுக் காட்டினான். டிக். டிக். டிக்.

"இதென்ன, மணிக்கூடா?"

"பழைய டிஸ்க்."

தாஸிமின் சிரிப்பு போய்விட்டது. "அபோ. இது சாகப் போற சத்தம் மச்சான். முக்கியமானது ஏதும் ஈந்தா இண்டைக்கே புதுசுக்கு மாத்து. ஆனா அது சின்னது, சொல்லிட்டேன். ஒரு கல்யாணத்தப் போட்டா நெறஞ்சிரும். தை மாசத்து வேலைக்கு எடமிருக்காது."

"இன்னொண்ணு இருக்கா?"

"இருந்தா ஒனக்குச் சொல்லாமலா? வர மாசமாகும்."

ஆக, கேள்வி சுருங்கிவிட்டது. வேகமான டிஸ்க் வரப்போகும் கல்யாணங்களுக்கா, முடிந்துபோன ஒரு கல்யாணத்துக்கா?

5

அவன் உள்பக்கத்தைத் திறக்காமலே புதியதற்கு மாற்றினான். பகல் முழுக்க எடுத்தது. பழையது எந்த வேகத்தில் கொடுக்கிறதோ அந்த வேகத்தில்தான் புதியதால் வாங்க முடியும். பின்னேரம் முடிந்தது. ஒரு துண்டும் கெடவில்லை.

அதன் பிறகுதான் அவனுக்கு விளங்கியது. புதிய டிஸ்கிலிருந்து திறந்தால் சாம்பல் கட்டங்கள் வராது. தொட்டவுடன் எல்லா முகங்களும் ஒரேயடியாக வரும். எழுந்து வெளியே போக நேரம் இராது. "வெளிய" என்று சொல்ல ஆளும் இல்லை.

இந்த இடத்தில் எனக்குக் கிருஷாந்த் மீது சந்தேகம் வருகிறது. வீட்டில் அவன் தனி ஆள். யாருக்குத் தெரியப்போகிறது? அப்படியே எழுதிப் பார்த்தேன்:

"மானிட்டரின் வயரைக் கழற்றினான். ஸ்பீக்கரைப் போட்டான். இருட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து சுட்டியை—"

இல்லை. அவன் செய்ய மாட்டான். நல்லவன் என்பதால் அல்ல. நுஸ்ஹா வீட்டு வாசலில் வாக்குக் கொடுத்தவள் ஜீவராணி. அதை மீறுவதென்றால் அவளிடம்தான் கேட்க வேண்டும். அவளிடம் கேட்க வழியில்லை. மிச்சம் இருப்பது, வாக்கை வாங்கியவர்.

அவன் டிஸ்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ருவான்வெல்லை பஸ் ஏறினான்.

6

நுஸ்ஹாவின் உம்மா பளீலா. ருவான்வெல்லையில் துணிக்கடை. பில் கணினிக்குப் பின்னால் அவர்தான் உட்கார்ந்திருப்பார்.

"வாங்க மகன். கேசட்டு முடிஞ்சா?"

(கேசட் போய் வெகுகாலம். பளீலா மட்டும் அப்படித்தான் சொல்வார்.)

"ஆம்பளப் பக்கம் முடிஞ்சது ஆன்ட்டி. உள்பக்கம்தான் இன்னும்..."

"அத நான் கேக்கல்லியே. மகள்தான் கேட்டுக்கிட்டே ஈந்தா. வாய மூடுண்டு சொன்னேன். அந்தப் புள்ள போய் இன்னம் ஒரு வருஷம் ஆகல்ல."

அவன் டிஸ்கை மேசையில் வைத்தான். "இதுல எல்லாம் இருக்குங்க. நீங்களே வெச்சிருங்க. யாராவது பொம்பளப் புள்ளையப் புடிச்சு வெட்டிக்கலாம்."

"அப்ப ஒங்கட தொழிலுக்கு?"

"பழசு இருக்கு."

பளீலா அவனைப் பார்த்தார். கடையில் வேலை செய்யும் பெண்ணிடம், "அந்தத் துணியெல்லாத்தையும் சுருட்டி மேல வை" என்றார். அந்தப் பெண் நகர்ந்ததும், "எனத்த கேக்க வந்தீங்க, அதக் கேளுங்க" என்றார்.

"அதுல அவ சத்தம் இருக்கும்."

"கேட்டீங்களா?"

"இல்லங்க. பார்க்கக் கூடாதுன்னு பேச்சு."

"பார்க்க வாணாண்டுதான் சொன்ன. காதப் பொத்திக்கச் சொன்னோமா?" பில் கணினியில் ஒரு கணக்கைத் தட்டினார். "ஆனா ஒண்டு. பொம்புளைங்க உள்ளுக்கு பேசுற பேச்சு ஒங்கட காதுக்கு ஏலாது. நானும் வாறேன். மோசமான எடம் வந்தா சத்தத்தக் கொறைக்கிறேன். வெட்டுறதயும் நானே வெட்டுறேன், சொல்லித் தாங்க."

7

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பளீலா டிஸ்கோடு அவனுடைய மாடிக்கு வந்தார். அவருடைய கணவர் கதவைத் திறந்தபடி விட்டு மாடிப்படியில் உட்கார்ந்து பத்திரிகை படித்தார். கிருஷாந்த் எப்போதும் உட்காரும் அதே படி. திரைக்கு முன்னால் பளீலா. கிருஷாந்த் அவருக்குப் பின்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி.

"எதத் தட்ட?"

"கீபோர்டுல கீழ நீளமா ஒண்ணு இருக்கும்."

தட்டினார். ஒரு மண்டபம் நிறையப் பெண்கள் அறைக்குள் வந்தார்கள். வளையல், குழந்தை அழுகை, பீங்கான் சத்தம். அதற்குள் கேமராவுக்கு மிகப் பக்கத்திலிருந்து:

"நுஸ்ஹா, சிரிங்க. சிரிச்சா யாரும் வரி போட மாட்டாங்க."

பழைய டிஸ்காக இருந்தால் அந்த வாக்கியம் சொல்லுக்குச் சொல் திக்கியிருக்கும். இது திக்கவில்லை. ஜீவராணி ஒரே மூச்சில் பேசினாள். வேகமான டிஸ்கை எதற்குப் பாவிப்பது என்று கேட்ட தாஸிமுக்கு, இதற்கு என்று சொல்லலாம். கிருஷாந்துக்கு அது அப்போது தோன்றவில்லை. சுவரில் பல்லி ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பக்கம் நிழலடிக்குது, இங்கிட்டு வாங்க." "ஐயோ, வட்டிலாப்பத் தட்ட மறைக்காதீங்க." பளீலா இரண்டு தரம் சத்தத்தைக் குறைத்தார். ஒரு தரம் தானே சிரித்துவிட்டு, "ஒண்டுமில்ல, எங்கட மதினிட வாய்" என்றார். சத்தத்தை வைத்து எந்த இடத்தில், எந்தப் பொத்தானால் வெட்டுவது என்று கிருஷாந்த் சொல்ல, அவர் வெட்டினார். வேலை நன்றாகவே நடந்தது.

பிறகு யாரோ ஒரு பெண் கேட்டாள்: "இத ஒங்கட மாப்புள்ள பார்க்க மாட்டாரே?"

"அவரா?" என்றாள் ஜீவராணி. "பார்க்கச் சொன்னாலும் பார்க்க மாட்டாரு. வெளியப் போங்கன்னா படியில போயி உக்காந்துருவாரு, பாவம். சில நேரம் வேலை முடிஞ்சும் கூப்புட மாட்டேன். உக்காந்திருக்கிற அழகப் பார்த்துக்கிட்டே இருப்பேன்."

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

பளீலா நிறுத்தினார்.

8

(குறிப்பு. எங்கள் தொழிலில் எடுப்பவரின் சத்தம் படத்தில் வரக் கூடாது. வெட்டுவோம், அல்லது பாட்டைப் போட்டு மூடுவோம். ஜீவராணி தன் சத்தத்தை எப்போதும் தானே வெட்டியவள். அதில் அவள் கண்டிப்பு. வேலையைக் கொடுத்ததும் மூலத்தை அழிக்க வேண்டும், அதுவும் அவள் வாக்கு. அவள் பேச்சோடு மற்றப் பெண்களின் குரலும் சிரிப்பும் கலந்திருக்கிறது. அவளுடையதை மட்டும் பிரித்தெடுத்து வைத்துக்கொள்ள முடியாது.)

மேற்கே முதல் இடி கேட்டது. படியிலிருந்து பளீலாவின் கணவர், "மழை வருது, கெதியா முடிங்க" என்றார். இந்தப் பக்கத்தில் இரண்டாவது இடிக்கு முன்னால் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்.

"மகன்" என்றார் பளீலா. "இந்த எடம். வெட்டவா, வெக்கவா?"

வெட்டினால், ஜீவராணியே வெட்டியது போன்ற சுத்தமான வேலை. அந்தக் குரல் அத்தோடு போய்விடும். வைத்தால், ருவான்வெல்லையில் ஒரு வீட்டில் பெண்கள் கூடி அந்தப் படத்தைப் போடும்போதெல்லாம் அவள் பேசுவாள். பிறக்காத பிள்ளைகளும் கேட்பார்கள். அவன் அங்கே இருக்க மாட்டான். எப்படியானாலும் டிஸ்க் மறுபடி காலியாகும். எதற்குப் பாவிக்கப் போகிறாய் என்று தாஸிம் மறுபடி கேட்பான்.

பளீலாவின் விரல் சுட்டியின் மேல் இருக்கிறது. கிருஷாந்த் சுவரைப் பார்த்தபடி வாயைத் திறக்கிறான். இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

9

அவளுடைய கடைசி வார்த்தை ஒன்றைப் போட்டால் உங்களுக்கு உதவும் என்று நினைத்தேன். எழுதிப் பார்த்தேன்.

"நுஸ்ஹா வேலைய முடிச்சுக் குடுத்துருங்க." (அப்படியானால் வெட்டலாம்.)

"என்னைய மறந்துறாதீங்க." (அப்படியானால் வைக்கலாம். ஆனால் அவள் இப்படிப் பேசுகிறவளே இல்லை.)

இரண்டையும் அடித்துவிட்டேன். அவள் உண்மையில் சொன்னது வேறு. ஆஸ்பத்திரி வார்டு, பின்னேரம். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அவள் கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இடி இடிக்குது. பிளக்க கழட்டிட்டுத்தானே வந்தீங்க?"