கோட்டைக் கதவும் அஜீஸாவின் பானைகளும்

உலகத்தைக் காப்பாற்றப் புறப்பட்டவன் முதல் வேலையாக அடுத்தவர் வீட்டுக்குள் புகுந்து பானையை உடைத்தான். அந்த வீடியோ கேம் அஜீஸாவுக்குப் பிடிக்காமல் போனது அந்த இடத்தில்தான். வீட்டுக்காரி அங்கேயே அடுப்பங்கரையில் நிற்கிறாள். தன் பானைகள் தூளாவதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு ஏதோ இங்கிலீஷில் சிரித்துப் பேசுகிறாள். "வாங்க வீரரே, இன்னைக்குக் காத்து நல்லா அடிக்குதுன்னு சொல்றாங்க அண்ணி" என்று விளக்கினாள் சனா. உடைந்த பானைகளிலிருந்து விழுந்த காசைப் பொறுக்கிக்கொண்டு வீரன் அடுத்த வீட்டுக்குப் போனான். அங்கேயும் அதே வேலை.

"இவனையா ராஜா ஆளு வுட்டுக் கூப்புட்டாரு? போலீஸுல்ல புடிச்சிக்கிட்டுப் போவணும்" என்றாள் அஜீஸா.

கல்லூரியில் படிக்கும் நாத்தனார் சனாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அஜீஸா வேடிக்கைக்குச் சொல்லவில்லை. விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் செராமிக் கடை வைத்திருப்பவள் அவள். சூளையிலிருந்து வந்து இறங்கும் ஊறுகாய் ஜாடி, டீ கப்பு, பொம்மை எதுவாக இருந்தாலும் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பாள். கணீரென்று கேட்டால்தான் அலமாரிக்குப் போகும். அந்தக் கடை வரிசையில் எங்காவது ஒன்று உடைகிற சத்தம் வந்தால், ஒரு நிமிஷம் எல்லார் பேச்சும் நின்றுவிடும். யார் சரக்கோ என்று அத்தனை பேரும் எட்டிப் பார்ப்பார்கள்.

கேம் பெட்டியை அனுப்பியவன் கணவன் இஜாஸ். சவூதியில் தம்மாமிலிருந்து ஊருக்கு வந்த சிநேகிதனிடம் கொடுத்தனுப்பியிருந்தான். போனில் பேசினால் சாப்பிட்டியா, உடம்பு எப்படியிருக்குது என்பதோடு முடிந்துவிடுகிறது, இதில் ரெண்டு பேரும் ஒரே இடத்தில் சேர்ந்து நடக்கலாம் என்றான். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. ஜும்மா தொழுதுவிட்டு, சாப்பிட்டுவிட்டு அங்கே அவன் உட்காருவான். இங்கே அஜீஸா கடையை வேலைக்காரப் பெண் காவியாவிடம் விட்டுவிட்டு வந்து, காதில் மைக்கை மாட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்காருவாள். கழுதை வயதில் இது ஒரு கேடு என்று தன்னைத் தானே திட்டிக்கொள்வாள். ஆனாலும் உட்காருவாள்.

காரணம் இருந்தது. இஜாஸின் ஒப்பந்தம் இந்த வருஷத்தோடு முடிகிறது. முடிந்ததும் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுவதாகப் போன முறை வந்தபோது வாக்குக் கொடுத்திருந்தான். இப்போது அதைக் கேட்டால் மட்டும் பேச்சு வேறு பக்கம் ஓடியது. "முதல்ல இந்தக் கோட்டையத் தொறப்போம் புள்ள. தொறந்துட்டு நிம்மதியா உக்காந்து பேசுவோம்" என்பான். அவளுக்கு ராஜாவும் வேண்டாம், ராச்சியமும் வேண்டாம். அவன் வருகிறானா இல்லையா என்று தெரிய வேண்டும். அதற்காகக் கோட்டையைத் திறந்தாக வேண்டும்.

ஆட்டத்தில் தனக்கான ஆளைத் தேர்ந்தெடுக்கும்போதே சண்டை. பெண் வீராங்கனைகளின் இரும்புச் சட்டையைத் தையல்காரன் பாதியிலேயே நிறுத்தியிருந்தான். "இத்த மாட்டிக்கிட்டு சண்டைக்குப் போனா காயம் எங்க படும்னு நான் சொல்லவா?" என்று கேட்டுவிட்டு, தாடி வைத்த ஒரு குண்டனைப் பிடித்துக்கொண்டாள். கையில் கோடாரி.

"பொண்டாட்டியக் கூப்புட்டா எவனோ தாடிக்காரன் வந்து நிக்கிறான்" என்று இஜாஸ் தலையில் அடித்துக்கொண்டது மைக்கிலேயே கேட்டது.

கேமில் வரும் ஊர்க் கடைக்காரனை அவளால் மன்னிக்கவே முடியவில்லை. செத்த எலியின் வாலைக் கொண்டுபோய் நீட்டினாலும் பேரம் பேசாமல் வாங்கிக்கொள்கிறான். பெண்ணாடத்திலிருந்து ஒரு ஜாடி வாங்க வருகிற பெண்கள் அவனிடம் ஒரு நாள் போய் நின்றால் தெரியும் அவன் பிழைப்பு. கடல் தாண்டி வருகிற பூதம் ஊரை விழுங்கப் போகிறதாம். கிழவர் ஒருவர் தன் ஆட்டைக் காணோம், தேடிக் கொடு என்று வீரனை அனுப்புகிறார். அவனும் பூதத்தை மறந்துவிட்டு ஆட்டின் பின்னால் ஓடுகிறான்.

ஒன்று மட்டும் பிடித்திருந்தது. அதைச் சனாவிடம் சொல்லவில்லை. அந்த ஊர் ஆற்றில் கரை தொட்டுத் தண்ணீர் ஓடியது. மணிமுத்தாற்றில் மணலையே பார்த்துப் பழகியவள், கோடாரியைத் தோளில் போட்டபடி அந்தக் கரையில் சும்மா நின்றிருக்கிறாள். ஒரு தடவை அங்கே மழை வந்தது. இஜாஸின் வீரன் ஓடிவந்து அவளுடைய தாடிக்காரன் பக்கத்தில் மரத்தடியில் ஒதுங்கினான். மைக்கில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. அந்த மழை நிற்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

கோட்டைக்கு வந்தபிறகு ஆட்டம் அசையவில்லை. வாசலை இஜாஸ் காவல் காக்க வேண்டும். உள்ளே வேலைக்காரர் குடியிருப்பில் இருக்கும் சாவியை அஜீஸா தேடி எடுக்க வேண்டும். பெட்டிகளைத் திறந்தாள். கட்டிலடியில் பார்த்தாள். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். சுவரோரம் வரிசையாகப் பானைகள் இருந்தன. நீலப் பூச்சு விளிம்பில் வழிந்து உறைந்த மாதிரி அத்தனை நேர்த்தியாக வரைந்திருந்தார்கள். அஜீஸாவுக்கு அவற்றைத் தட்டிப் பார்க்கத்தான் கை வந்தது. ஆனால் தாடிக்காரனுக்குத் தட்டத் தெரியாது, வெட்டத்தான் தெரியும். நல்ல சரக்கை உடைக்க மனசு வராமல் அப்படியே விட்டுவிட்டு வந்தாள்.

"எல்லாம் பாத்துட்டேன் மச்சான். சாவி இல்ல."

"பரவால்ல வுடு, அடுத்த வெள்ளி பாத்துக்கலாம்" என்றான் இஜாஸ்.

வெள்ளிக்கிழமைகள் போய்க்கொண்டே இருந்தன. டீ ஆறிப்போனால்கூடக் கத்துகிற மனிதன் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. வெளிநாட்டு வாழ்க்கை ஆளைப் பக்குவப்படுத்திவிட்டது என்று அஜீஸா உள்ளூர மகிழ்ந்துபோனாள்.

கடைசியில் சனாதான் பார்த்தாள். "அண்ணி, பானைய உடைக்கவே இல்லியா? இந்த மாதிரி கேமுல எல்லாம் சாவி அதுலதான் இருக்கும். சின்னப் புள்ளைக்கே தெரியும்."

கண்ணை இறுக மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினாள் அஜீஸா. அந்தச் சத்தத்தில் அவள் தோள் குலுங்கியது. மூன்றாவது பானையில் சாவி கிடந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கோட்டை திறந்தது. அவள் கூச்சலே போட்டுவிட்டாள். "தொறந்துடுச்சு மச்சான்! இப்ப சொல்லுங்க, எப்ப வரீங்க?"

இஜாஸ் கூச்சல் போடவில்லை. "அதுக்கு முன்னாடி உனக்கு ஒண்ணு காட்டணும். என் பின்னாடியே வா" என்றான். குதிரையில் ஆற்றைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனான். கரைமேல் ஓட்டுக்கூரை போட்ட வீடு ஒன்று நின்றது. உள்ளே சாப்பாட்டு மேசை, விளக்கு, சுவர் நெடுக அலமாரி. அலமாரி நிறைய அதே நீலப் பூச்சுப் பானைகள்.

"நம்ம வூடு. உனக்குப் புடிக்குமேன்னு பானையா பாத்து வாங்கி அடுக்கியிருக்கேன்."

அவள் தாடிக்காரனை வாசற்படியிலேயே நிறுத்தினாள். "இது எதுக்கு?"

"இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன் அஜீஸா. அங்க வந்து நான் என்ன பண்றது, கல்லாவுல உக்காந்து ஜாடி விக்கவா? அதுவரைக்கும் வெள்ளிக்கிழமையானா நாம இங்க இருக்கலாம்."

"எப்பப் போட்டீங்க?"

"கோட்டைக்கு வர்றதுக்கு முன்னாடியே."

அஜீஸாவுக்கு அந்த வெள்ளிக்கிழமைகளெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. கத்தாத மனிதனின் பக்குவமும் வந்தது.

"சாவி பானைக்குள்ளதான் இருக்கும்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்" என்றான்.

மூடிய கதவுக்குப் பின்னால் அவன் சௌகரியமாக ஒளிந்திருக்கிறான். அவள் நல்ல சரக்காயிற்றே என்று பானைகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். அவமானமும் ஆத்திரமுமாய்ப் பொங்கியது. தாடிக்காரன் அலமாரியிடம் போனான். இந்தத் தடவை அவள் கண்ணை மூடவில்லை. முதல் பானை போனது. அடுத்தது போனது. மேல் தட்டு, கீழ்த் தட்டு, மேசைமேல் இருந்தது என ஒன்றையும் விடவில்லை. எதிலும் ஒரு காசுகூட விழவில்லை. இஜாஸின் வீரன் வாளைப் பிடித்தபடி நடுவீட்டில் நின்றான்.

"ஏய், என்ன பண்ற? எல்லாம் பாத்துப் பாத்து வாங்குனது!"

"இது எதுவும் தட்டுனா சத்தம் வராது மச்சான்" என்றாள் அஜீஸா. "அடுத்த வெள்ளிக்கிழமை நான் கடையில இருப்பேன். எனக்கு ஜாடி விக்கற வேல இருக்குது. நம்ம வூட்டுக்கு எப்ப வேணா வாங்க. அங்க சாவி தேட வேண்டியதில்ல."

மைக்கைக் கழற்றி வைத்தாள். டிவியில் தாடிக்காரன் ஓட்டாஞ்சில்லுகளுக்கு நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருந்தான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள்.