கதவறைவான் வைத்த கிழங்கு

…கையுறையைக் கழற்றியிருந்தால் தெரிந்திருக்கும், கழற்ற எவ்வளவு நேரமாகும், இரண்டு நொடி, அந்த இரண்டு நொடிகூட உனக்கு வக்கில்லையா என்று ஸ்டெய்னார் தன்னையே திட்டிக்கொண்டு பனிவண்டியின் கயிற்றை இழுத்தான். பின்னால் வண்டியில் இல்வா உட்கார்ந்திருந்தாள், ஐந்து வயது, வாயே திறக்கவில்லை. மற்ற நாளென்றால் வாசலிலிருந்து பாலர் பள்ளி வரைக்கும் வாய் ஓயாது, அந்த ஜன்னலில் எத்தனை விளக்கு, இந்த வீட்டுப் பூனை எங்கே போச்சு, கடலுக்குள் மீனுக்குக் குளிராதா என்று துளைத்தெடுப்பாள். இன்று ஒன்றுமில்லை, வண்டி பனியில் உரசும் சத்தம் மட்டும்தான். மணி எட்டாகியும் தால்விக் ஊர் இருட்டில்தான் கிடந்தது, பத்து மணிக்கு மேல்தான் வெளுக்கும், அந்த இருட்டும் சேர்ந்துதான் அவன் மானத்தை வாங்கியது.

இல்வாவின் அம்மா பெர்க்ரூன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். “பதிமூணு ராத்திரில ஆறை நான் பாத்துட்டேன், இந்த வாரம் எனக்கு விடியக்காலை வேலை, மிச்சத்தை நீ பாத்துக்க, மறந்துட்டேன்னு மட்டும் வந்து நிக்காத.” மலையிலிருந்து நாளுக்கு ஒருவனாகப் பதின்மூன்று அண்ணன் தம்பிகள் இறங்கி வருகிற காலம், பிள்ளை ஜன்னலில் காலணியை வைத்துவிட்டுத் தூங்கும், வருகிறவன் அதில் சின்னதாக ஏதாவது போட்டுவிட்டுப் போவான், கிறிஸ்துமஸ் வரைக்கும் எல்லா வீட்டிலும் நடக்கிற கூத்துதான். நேற்று கதவறைவானின் முறை, தூங்குகிறவர்களை எழுப்பக் கதவைப் படாரென்று அறைகிறவன். அவனுக்காக பெர்க்ரூன் வாங்கி வைத்திருந்த கம்பளி ஆட்டுக்குட்டி அலமாரியின் மேல்தட்டிலேயே இருந்தது, ஸ்டெய்னார் சோபாவிலேயே குறட்டை விட்டான். காலையில் வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தபோதுதான் சுரீர் என்றது, உள்ளே இல்வா கட்டிலைவிட்டு இறங்கும் சத்தம் கேட்டது, கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, விளக்கைக்கூடப் போடாமல் வாசலையொட்டிய சாமான் அறையில் பாய்ந்து பெட்டியிலிருந்து ஒரு மாண்டரின் ஆரஞ்சுப் பழத்தை அள்ளி, திரைக்குப் பின்னால் கையை விட்டுக் காலணிக்குள் திணித்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி அடுப்பங்கரையில் போய் நின்றான். பழப்பெட்டிக்குப் பக்கத்திலேயே கிழங்குப்பெட்டி. கையில் மீன் வேலைக்குப் போடுகிற தடித்த கையுறை. அவள் திரையை விலக்கிக் காலணியைக் கவிழ்த்தாள், மண்ணோடு ஒரு பச்சை உருளைக்கிழங்கு உருண்டு வந்தது. கெட்ட பிள்ளைக்குத்தான் கிழங்கு, அது இந்த நாட்டில் நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அழுதிருந்தாலாவது தேவலை… அழவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள், எடுத்துப் பனியுடுப்பின் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். ஓட்ஸ் கஞ்சியைக் கிண்ணத்தின் அடி தெரிய வழித்துத் தின்றாள், சொல்லாமலேயே பல் விளக்கினாள், பூட்ஸைத் தானே மாட்டிக்கொண்டாள், இடது வலது மாறாமல். அப்போதே சொல்லியிருக்கலாம், ஆனால் என்னவென்று சொல்வது, வைத்தது நான்தான் என்றால் மலையும் போச்சு, பதின்மூன்று பேரும் போச்சு, கிறிஸ்துமஸே போச்சு, ஐந்து வயதில் அதைப் பிடுங்க நான் யார்… நிஜமாகவே நான் யார், போன வசந்தத்தில் இரண்டு பெட்டியோடும் ஒரு தூண்டிலோடும் இந்த வீட்டுக்குள் வந்தவன், அவள் அம்மாவின் ஆள், அவ்வளவுதானே. இவளைப் பெற்றவன் நார்வேயில் கப்பலில் இருக்கிறான், ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறான், நல்ல மனுஷன்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை, குறை இருந்திருந்தால்கூடக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவனுக்கும் ஒருமுறை கிழங்கு வந்தது, ஆறு வயதில். ஏன் வந்தது என்று இன்றுவரைக்கும் தெரியாது. அன்று முழுக்கப் படுக்கையில் குப்புறக் கிடந்து தன் பாவங்களை எண்ணினான், தம்பியைக் கிள்ளியது, கோழியைத் துரத்தியது, தேவாலயத்தில் கொட்டாவி விட்டது, எதற்கென்று பிடிபடாததால் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் என்று முடிவுகட்டினான். வீட்டில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருவேளை அப்பாவும் கையுறையோடுதான் வைத்தாரோ… அட, இது ஏன் இத்தனை வருஷம் தோன்றவில்லை, அந்த மனுஷனும் அசடு வழிந்துகொண்டு அடுப்பங்கரையில்தான் நின்றாரோ என்னவோ. சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. பின்னால் உட்கார்ந்திருக்கிறவளும் இப்போது எண்ணிக்கொண்டுதானே இருப்பாள், எந்தப் பாவத்தில் இருக்கிறாளோ.

சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது பெர்க்ரூனுக்குத் தகவல் அனுப்பியிருந்தான், முதியோர் இல்லத்தில் காலைச்சாப்பாடு கொடுத்து முடித்திருப்பாள் போல, பதில் வந்திருந்தது. ‘கிழங்கா? மீன் தொழிற்சாலைல வேலை பாக்குறவனுக்கு கிழங்குக்கும் பழத்துக்கும் வித்தியாசம் தெரியலையா?’ அதற்குக் கீழே இன்னொன்று, ‘அவகிட்ட என்ன சொன்ன?’ ஒன்றும் சொல்லவில்லை என்று தட்டினான். உடனே வந்தது, ‘அதான பாத்தேன். ஒண்ணும் சொல்லாம இருக்குறதுல ஒன்ன அடிச்சுக்க ஆளே கிடையாது.’ உறைக்கத்தான் செய்தது. ஞாயிற்றுக்கிழமை பெர்க்ரூன் வீட்டு ஆட்கள் எல்லாம் கூடி இலைரொட்டி வெட்டினார்கள், மெல்லிய மாவு வட்டத்தில் கத்தியால் நட்சத்திரமும் பூவும் கீறி எண்ணெயில் பொரிக்கிறபோது அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், இவன் மட்டும் மூன்று மணிநேரம் எண்ணெய்ச் சட்டிக்குக் காவல் நின்றான். இல்வா தன் ரொட்டியை அவனிடம்தான் கொண்டுவந்து கொடுத்தாள், “கருக விடாத” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் கருக விடவில்லை.

பாலர் பள்ளியின் வேலி தெரிந்தது, வேலியெல்லாம் சிவப்பு விளக்கு. இன்னும் இருபதடிதான், இப்போது விட்டால் சாயங்காலம் வரைக்கும் அவள் அந்தப் பாரத்தைச் சுமப்பாள். ஸ்டெய்னார் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பிப் பனியில் மண்டியிட்டான். “இல்வா, அந்தக் கிழங்கு…”

“எனக்குத் தெரியும்,” என்றாள் அவள். “ஏன் வந்துச்சுன்னு எனக்குத் தெரியும்.”

“ஏன்?”

“நான் பொய் சொன்னேன். எங்க கிளாஸ் ஃபிரோசிகிட்டயும் குரோவா டீச்சர்கிட்டயும்.” கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நீ என் அப்பான்னு சொன்னேன். நார்வேல ஒரு அப்பா, இங்க ஒரு அப்பான்னு. எனக்கு ரெண்டு இருக்குன்னு.”

“அது… அது பொய்னு யாரு சொன்னது?”

“நீதான்.”

“நானா?”

“காது வலின்னு போனப்ப. அந்த நர்ஸக்கா அப்பாவான்னு கேட்டாங்க. நீ இல்ல இல்லன்னு சொன்ன. ரெண்டு தடவ.”

சொன்னான், சொல்லத்தான் செய்தான், எவ்வளவு அவசரமாகச் சொன்னான்… அடுத்தவன் இடத்தில் உட்கார்ந்துவிட்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாதே, பெர்க்ரூன் சங்கடப்படக் கூடாதே, இந்தக் குழந்தை முகம் சுளித்துவிடக் கூடாதே என்றுதான், மரியாதையாக நடந்துகொண்டதாக அன்று முழுக்கத் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான். அவள் அப்போது அவன் மடியில்தான் இருந்தாள், வலிக்காத காது அவன் பக்கம்.

“இல்வா, கதவறைவான் அதுக்கெல்லாம் கிழங்கு வைக்க மாட்டான். எனக்கு நிச்சயமாத் தெரியும். நீ ஒரு தப்பும் பண்ணல.”

அவள் புருவத்தைச் சுருக்கி யோசித்தாள், பெர்க்ரூன் சம்பளச் சீட்டைப் படிக்கும்போது சுருக்குவாளே அதே சுருக்கம். “அப்ப நீ சொன்னதுதான் பொய்யா?” என்றாள். அவன் பதில் சொல்வதற்குள் ஜிப்பை இறக்கிக் கிழங்கை எடுத்து அவன் கையில் வைத்தாள். “அப்ப இது ஒன்னோடது. ஒன் பூட்ஸ் ஜன்னல்ல இல்லாததால என்னோடதுல வெச்சிட்டான்.” முகம் முழுக்க வெளிச்சமாகிவிட்டது அவளுக்கு. “நீ இன்னிக்கு நல்லவனா இருந்துக்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”

வண்டியிலிருந்து குதித்து வாசலுக்கு ஓடினாள், அங்கே போனதுமே அரட்டை ஆரம்பித்துவிட்டது, யாரிடமோ கதவறைவானைப் பற்றி, தான் சத்தமே கேட்காமல் தூங்கியதைப் பற்றி. ஸ்டெய்னார் மண்டியிட்டபடியே இருந்தான், கால்சட்டை நனைந்து முழங்கால் சில்லிட்டது. குரோவா டீச்சர் கதவருகே நின்று கையாட்டினாள், அவளுக்கு இந்த இரண்டாவது அப்பா கதை எப்போதிலிருந்து தெரியும், போன வாரமா, போன மாதமா, தினமும் காலையில் அந்தச் சிரிப்போடுதானே வரவேற்றாள்… எட்டு மாதமாக அவன்தான் வாசலில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தான், இல்வா எப்போது உள்ளே கூப்பிடுவாள் என்று. இவளும் நின்றுகொண்டிருந்தாளா, கதவுக்கு அந்தப் பக்கம், இவன் எப்போது தட்டுவான் என்று?