சாணை பிடித்த ஒற்றை வாள்

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில், பழனி வண்டிகள் நிற்கும் இடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒரு பையைப் பற்றி வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. பை ஆள் நீளம் இருந்தது. பழைய ஃபிளக்ஸ் பேனரை மடித்துத் தைத்த பை அது. அதன் மேல் எவரோ புதுமணத் தம்பதியரின் பாதி முகங்கள் இன்னும் சிரித்தபடி இருந்தன.

“ஏனுங்க, இதுக்குள்ள என்னங்க இருக்குது? கடப்பாரைங்களா?” என்று கேட்டார் நடத்துநர்.

“வாளுண்ணே. ஆட்டத்துக்கு,” என்றாள் ஜீவிதா. “பயப்படாதீங்க, வெண்ணெயக் கூட அறுக்காது.”

“வாளுங்களா? அப்ப ஆகாதுங்க. நேத்துலருந்து போலீஸு ஒவ்வொரு வண்டியா ஏறிப் பாக்குறாங்க. எதையாச்சும் ஏத்திப்போட்டு நாமெதுக்குங்க மாட்டோணும்?”

“வாளுக்கும் சேத்து டிக்கெட் போட்டுக்கங்கண்ணே. அரை டிக்கெட்டாப் போடுங்க, சின்னப் பிள்ளைகதான்.”

ஜன்னலோரம் அமர்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நடத்துநரும் சிரித்தார்; ஆனால் படியை விட்டு நகரவில்லை.

சத்யபிரியா சிரிக்கவில்லை. அந்தக் குழுவின் தலைவி அவள்தான். வேடசந்தூர் சாலையில் உள்ள ஒரு நூற்பாலையில் இரவுப் பணி முடித்து, வீட்டில் குளித்த கையோடு வாள்களைப் பையில் போட்டுக்கொண்டு நேரே வந்திருந்தாள். குழுவில் உள்ள மற்றப் பெண்களும் அதே ஆலையில் வேலை செய்பவர்களே. ஆறு நாளும் பஞ்சுத் தூசியில் நிற்பவர்கள், ஏழாம் நாள் வாளைச் சுழற்றி ஆடுவார்கள். சீமையை இழந்த சிவகங்கை இராணி, திண்டுக்கல்லில் அடைக்கலம் புகுந்து படை திரட்டிய கதையே அவர்களுடைய ஆட்டம். இராணியாக ஆடுபவள் சத்யபிரியா.

அன்று மாலை கீரனூரில் அம்மன் கோயில் திருவிழா. சினிமாப் பாட்டுக்கு ஆடும் குழுவைத்தான் அழைப்போம் என்றிருந்த விழாக் குழுவினரிடம், சத்யபிரியா மூன்று முறை நேரில் சென்று பேசி, இந்த வாய்ப்பைப் பெற்றிருந்தாள். “பொம்பளைக வாளு சுத்துறத யாருங்க பாப்பாங்க?” என்று கேட்டவர்களிடம், “ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்கய்யா,” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அந்த ஒரு தடவைதான் இன்று.

“அண்ணே, நாங்க செத்த நேரத்துல இறங்கிடுற ஆளுக இல்ல, கீரனூர் வரைக்கும் வாரோம். பைய என் காலுக்கடியிலயே வச்சுக்கிறேன்,” என்று அவள் பணிவாகச் சொல்லிக்கொண்டிருந்தபோதே, பின்னால் ஒரு குரல் கேட்டது.

“அந்தப் பையக் கொஞ்சம் இறக்குங்க.”

காவல் உதவி ஆய்வாளர் முஹ்சினா நின்றிருந்தார். அருகில் ஒரு காவலர். பையைச் சிமெண்டுத் திண்டின் மீது வைத்துத் திறந்தார்கள். மஞ்சள் குஞ்சம் கட்டிய ஏழு வாள்கள் வெளியே வந்தன. முஹ்சினா ஒன்றை எடுத்து, அதன் விளிம்பைத் தம் உள்ளங்கையில் வைத்து அழுத்தி இழுத்துப் பார்த்தார். கோடு கூட விழவில்லை.

“மொன்னையாத்தான் இருக்கு. அது என்ன, தனியாச் சுத்தி வச்சிருக்கீங்க?”

எட்டாவதாக ஒன்று, சிவப்புத் துணியில் சுற்றிக் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. அதைப் பற்றி இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். அது இராணியின் வாள். ஆட்டத்தின் முடிவில் இராணி ஒரே வீச்சில் பூசணிக்காயை இரு துண்டாக்குவாள். அதற்காக, எட்டு வாள்களில் அந்த ஒன்று மட்டும் சாணை பிடித்துக் கூராக்கப்பட்டிருந்தது. மற்ற ஏழும் வெறும் இரும்புத் தகடுகள். எட்டாவது உண்மையான வாள்.

காவலர் கயிற்றை அவிழ்த்தார். துணி விலகியது. உள்ளே வாள் இல்லை. பைக் பட்டறையில் கிடக்கும் துருப்பிடித்த கம்பி ஒன்று இருந்தது.

“இதையும் சுத்தி ஆடுவீங்களா?” என்றார் முஹ்சினா.

சத்யபிரியா அந்தக் கம்பியையே பார்த்தபடி நின்றாள். அவளுடைய ஒரே தம்பி அஜித், ஒரு பைக் பட்டறையில் வேலை செய்பவன். வாள்கள் இருக்கும் இரும்புப் பெட்டி அவர்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில்தான் கிடக்கும். அதற்குப் பூட்டுப் போட வேண்டும் என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

காவல் நிலையம் அருகில்தான் இருந்தது. எல்லாரையும் பெஞ்சில் அமர வைத்துவிட்டு, முஹ்சினா தம் கைப்பேசியை நீட்டினார்.

“நீங்க நைட் ஷிஃப்ட்னு சொன்னீங்க. பாத்திருக்க மாட்டீங்க. பாருங்க.”

காணொளியில் ஒரு மேம்பாலத்தின் அடி. பைக்கின் இருக்கை மீது பிறந்தநாள் கேக். சுற்றிலும் இளைஞர்கள். ஒருவன் நீண்ட வாளை ஓங்கிக் கேக்கை வெட்டுகிறான். பின்னணியில் கர்ஜிக்கும் இசை. வாளின் பிடியில் சிவப்புக் குஞ்சம் ஆடுகிறது. அந்தக் குஞ்சத்தைப் பட்டு நூலில் முறுக்கிக் கட்டியவள் சத்யபிரியா.

“வெட்டுனவன் பேரு ஈஸ்வரன். பொறந்தநாளு அவனுக்குத்தான். கேக்க வெட்டி முடிச்சதும் வாளப் புடுங்கி ஆளாளுக்குச் சுத்தியிருக்கானுக. ஒருத்தன் கையிலருந்து நழுவுறப்ப இவன் குறுக்க கையக் குடுத்துப் பிடிச்சிருக்கான். உள்ளங்கை பொளந்துருச்சு. விரலு மடங்குமா மடங்காதான்னு டாக்டரே இன்னும் சொல்லல,” என்றார் முஹ்சினா. “வாளு எங்ககிட்ட இருக்கு. யாரு குடுத்தான்னு ஒருத்தனும் வாயத் தெறக்க மாட்டேங்குறான். ரோட்டுல கெடந்துச்சாம்.”

ஈஸ்வரனைச் சத்யபிரியாவுக்குத் தெரியும். அஜித்தோடு அதே பட்டறையில் வேலை செய்பவன். வீட்டுக்கு வந்தால் “அக்கா, வெஞ்சனம் என்ன?” என்று கேட்டபடியே சட்டியைத் திறப்பவன்.

“இந்த வாள இதுக்கு முன்ன எங்கயாவது பாத்திருக்கீங்களா?”

முஹ்சினாவை உள்ளிருந்து யாரோ அழைத்தார்கள். அவர் எழுந்து சென்ற அந்தச் சிறு இடைவெளியில் ஜீவிதா அவள் காதருகே குனிந்தாள்.

“தெரியாதுன்னு சொல்லிரு அக்கா. நம்ம குஞ்சமெல்லாம் மஞ்சளு, அது சிவப்பு. யாரு கண்டா? ஏழையும் குடுத்துருவாக, அடுத்த வண்டியில போயிரலாம். ஆமான்னு சொன்னா தம்பியும் உள்ள, நீயும் உள்ள, ஆட்டமும் போச்சு.”

ஜீவிதா சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. ஒரே ஒரு சொல், “தெரியாது.” அதைச் சொன்னால் மாலையில் கீரனூர் மேடை. சத்யபிரியா கண்களை மூடினாள். முதல் முறை பூசணிக்காயை வெட்டிய நாள் நினைவுக்கு வந்தது. அதுவரை கைதட்டு மட்டும் கிடைத்த ஆட்டத்துக்கு அன்றுதான் விசில் பறந்தது. அந்த விசில் அவளுக்கு இனித்தது. அடுத்த ஆட்டத்துக்குக் கூர் போதவில்லை என்று, அந்த வாளை அவளே அஜித்தின் கையில் கொடுத்தனுப்பிச் சாணை பிடிக்கச் சொன்னாள். இழுத்த இழுப்பில் காகிதம் கிழிகிறதா என்று அவன் சோதித்துக் காட்டியபோது, “இதுதான்டா வாளு,” என்று மெச்சினாள். கூரைப் பார்த்து அவள் பெருமைப்பட்டாள். அவனும் அவ்வாறே பெருமைப்பட்டிருக்கிறான். இதில் வேறுபாடு எங்கே இருக்கிறது?

முஹ்சினா திரும்பி வந்து அமர்ந்தார்.

“அது என் வாளுங்க மேடம்,” என்றாள் சத்யபிரியா. ஜீவிதா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

“யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“யோசிச்சுத்தான் சொல்றேன். எங்க வாளெல்லாம் மொன்னைன்னு போற எடமெல்லாம் சொல்லிட்டு வாரோம். அதுல ஒண்ணு பொய்யி. அத மறைச்சு ஏழ வாங்கிட்டுப் போயிட்டா, நாளைக்கி உண்மையிலயே மொன்ன வாளு கொண்டு வர்ற ஆட்டக்காரியையும் நீங்க நம்ப மாட்டீங்க. பஸ்ஸுல ஏத்த மாட்டாக. எனக்கு இந்த ஒரு மேட போனாலும் போகட்டும். எல்லாரு மேடையும் போயிரக் கூடாது.”

முஹ்சினா, மேசை மீதிருந்த மொன்னை வாள் ஒன்றைத் தள்ளி வைத்தார்.

“நானும் இந்த ஊருதாங்க. எங்க அத்தா பூட்டுப் பட்டறையில வேலை பாத்தவரு. பூட்டுக்குப் பேரெடுத்த ஊருல இருந்துக்கிட்டு, சாணை பிடிச்ச வாளத் தெறந்த பெட்டியில போட்டு வச்சிருக்கீங்க. மொன்ன வாளு ஆட்டச் சாமான். கூரு வாளு லைசென்ஸ் கேக்குற ஆயுதம். ரெண்டையும் ஒரே பையில போட்டுக் கொண்டாந்தா, நான் ஒங்கள எதுன்னு எடுத்துக்கிறது?”

சத்யபிரியா கைப்பேசியை எடுத்தாள். தம்பியை அழைத்தாள். வெகுநேரம் மணி அடித்த பிறகே அவன் எடுத்தான்.

“ஏலே அஜித்து. ஸ்டேஷன்ல இருக்கேன். வாளு என்னுதுன்னு சொல்லிட்டேன். வா.”

“போலீஸு அடிப்பாகக்கா.”

“நான் இங்கனதான் உக்காந்திருக்கேன். நீ வர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்.”

ஏழு வாள்களையும் முஹ்சினா திருப்பிக் கொடுத்தார். காவலரை அனுப்பிப் பெண்களைப் பேருந்தில் ஏற்றி விடவும் செய்தார். “நீ வராம நாங்க என்னத்தக்கா ஆட?” என்று ஜீவிதா தேம்பினாள். “போயி மேடையத் தொட்டுக் கும்பிட்டு வேஷங்கட்டுங்க. வாரேன்,” என்றாள் சத்யபிரியா. பெஞ்சை விட்டு அவள் அசையவில்லை.

உச்சி வெயிலில் அஜித் வந்தான். கிரீஸ் கறை படிந்த சட்டையைக் கூட மாற்றவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்காமல், முஹ்சினாவின் மேசையைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னான். வாளை எடுத்தது, கம்பியைச் சுற்றி வைத்தது, விடிவதற்குள் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தது, எல்லாம்.

“கேக்கு வெட்ட வீட்டுல கத்தி இல்லையாப்பா?”

“கெத்தா இருக்கும்னு மேடம்…”

“ஒங்க கெத்து இப்ப பெரியாஸ்பத்திரியில கட்டுப் போட்டுப் படுத்திருக்கு.”

அஜித் குலுங்கி அழுதான். “அவன் ஸ்பேனர் பிடிக்கிற கைக்கா அது,” என்றான். சத்யபிரியா அவன் தோளைப் பற்றினாள். ஆனால் ஆறுதலாகப் பொய் எதுவும் சொல்லவில்லை.

இருவர் மீதும் வழக்கு உண்டு என்றும், அழைக்கும்போதெல்லாம் வர வேண்டும் என்றும் முஹ்சினா தெளிவாகச் சொன்னார். அஜித்தின் விசாரணை முடிய மாலையாகும்; அம்மாவை வரச் சொல்லலாம்; அவள் இப்போது போகலாம் என்றார். சத்யபிரியா தயங்கினாள். தம்பியை இங்கே விட்டுவிட்டுச் சலங்கை கட்டுவதா?

“நீ போக்கா,” என்றான் அஜித், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நீ இன்னிக்கி ஆடலைன்னா, அந்த வாளுக்கு நான் வாங்கிக் குடுத்த பேருதான் நிக்கும். போயி ஆடு.”

அவள் கீரனூர் சென்று இறங்கியபோது உறுமி முழங்கத் தொடங்கியிருந்தது. இராணியின் கையில் வாள் இல்லை. ஆனால் சீமையை இழந்து திண்டுக்கல்லுக்கு வந்த இராணியின் கையில் என்ன இருந்திருக்கும்? வெறுங்கையோடு மேடை ஏறினாள். ஏழு பெண்களும் வாள்களைச் சுழற்றி அவளைச் சுற்றி வந்தார்கள். அந்த இரும்பு வட்டத்துக்குள் வளைந்தும், குனிந்தும், எழும்பியும் அவள் ஆடிய ஆட்டத்தில் கூட்டம் பேச்சை மறந்தது. முடிவில் ஜீவிதா மண்டியிட்டுத் தன் வாளை நீட்டினாள். இராணி அதை வாங்கி உயர்த்தினாள்.

முக்காலியில் பூசணிக்காய் காத்திருந்தது. யாரோ விசிலடித்தார்கள். முன்வரிசையில் இருந்த பெரியவர் கேட்டார், “ஏனுங்க அம்மிணி, காய வெட்டலீங்களா? அதுக்குத்தானுங்க ஒக்காந்திருக்கோம்.”

சத்யபிரியா வாளைத் தாழ்த்தினாள். மூச்சு இரைத்தது. ஒலிபெருக்கியை வாங்கினாள்.

“மன்னிச்சுக்கங்கய்யா. இது மொன்ன வாளு, வெட்டாது. இனிமே எங்க எந்த வாளும் வெட்டாது. வெட்டுற வாளு ஒண்ணு வச்சிருந்தேன், உங்க விசிலுக்காக. நேத்து அது ஒரு பையனோட கையப் பொளந்துருச்சு. வெட்டுனது என் தம்பி கூட்டாளிக. கூரு வச்சது நானு. போலீஸு எங்களச் சோதிக்குதுன்னு கோவப்பட்டேன். சோதிக்கிற மாதிரி நடந்துக்கிட்டது நாங்கதான். ஆட்டத்துல கூரு இருந்தாப் போதும், இரும்புல வேண்டாம். உங்க வீட்டுப் பிள்ளைக வாளத் தூக்கிப் படம் எடுத்தா, கைதட்டாதீங்க. வாங்கி வைங்க.”

பெரியவர் மெல்ல எழுந்து நின்றார். விசில் அடிக்கவில்லை, கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தித் தட்டினார். அந்தக் கைதட்டு பின்வரிசை வரை பரவ வெகுநேரமாயிற்று.

ஆட்டம் முடிந்ததும் விழாக் குழுவைச் சேர்ந்த ஒருவர், பூசணிக்காயைத் தோளில் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தார்.

“அடுத்த வருஷமும் நீங்களே வந்துருங்க. இந்தக் காய என்னங்க பண்றது? காலைல அன்னதானத்துல கூட்டு வச்சுடலாங்களா?”

“வைங்கய்யா,” என்றாள் சத்யபிரியா, வாளைத் துணியில் சுற்றியபடி. “ஆனா அருவாமனையில நறுக்குங்க. வெட்டுற வேலை அதோடது. வாளு இருக்குறது ஆடுறதுக்கு மட்டுந்தான்.”